சுமையின் எல்லையை வரைபவர் யார்?

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் என்பது பயணம் சென்று காண வேண்டிய காட்சி. நாம் நன்கறிந்த பெருநீர்ப்பரப்பு மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கமே. 1934ஆம் ஆண்டு அணை கட்டி முடிக்கப்பட்டபோது காவிரிக் கரையின் ஊர்கள் பல நீருக்கடியில் சென்றன. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலங்களில் பண்ணவாடிப் பகுதியில் பழைய நந்தி சிலையும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரிகின்றன. நீர் மூடியது யாவும் அழிந்துவிட்டது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. சில, நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வியோடு அடியில் கிடக்கின்றன.

அவ்வாறு வேறோர் ஏரியின் அடியில் கிடக்கும் ஒரு மரக்கப்பலைப் பற்றி இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். கப்பலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். கடலில்லா நமக்கும் கப்பல்கள் உண்டு. அவற்றை நாம் லாரிகள் என்கிறோம். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நாடறிந்தவை. சங்ககிரியின் லாரிகளும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் இந்தியாவின் எம்மூலையிலும் காணக்கூடியவை. நம் முட்டையும் ஜவ்வரிசியும் லாரியேறித்தான் பிற மாநிலங்களுக்குச் செல்கின்றன. பாரம் ஏற்றிச் சென்ற தந்தையோ தமையனோ திரும்பிவரும் நாளை எண்ணிக் காத்திருத்தல் இங்குள்ள எத்தனையோ இல்லங்களின் வாழ்க்கைமுறை. எனவே இந்தக் கப்பலின் கதை நமக்கு அந்நியமன்று.

கிறிஸ்து பிறப்பு மரங்களின் கப்பல்

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுள் ஒன்று மிச்சிகன். ஏரி என்று பெயரேயன்றி அதன் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கடலைப் போன்றே அங்கும் புயலெழும். நவம்பர் மாதப் புயல்கள் மிகக் கொடியவை. இந்த ஏரிக்கரையில் உள்ள மில்வாக்கி நகரில் 1868ஆம் ஆண்டு 'ரவுஸ் சிம்மன்ஸ்' என்னும் பாய்மரச் சரக்குக் கப்பல் கட்டப்பட்டது. மூன்று பாய்மரங்களைக் கொண்ட இவ்வகைக் கப்பலை ஸ்கூனர் என்பர். நீளம் ஏறத்தாழ 123 அடி. நீராவிக் கப்பல்களும் இருப்புப் பாதையும் முழுமையாகப் பரவாத அந்நாளில், வடக்கேயுள்ள காடுகளில் வெட்டிய மரங்களைத் தெற்கேயுள்ள நகரங்களுக்குக் கொண்டு சேர்த்தவை இத்தகைய மரக்கப்பல்களே. ரவுஸ் சிம்மன்ஸும் பல பத்தாண்டுகள் அப்பணியையே செய்தது. அழகுக்காகவோ போருக்காகவோ கட்டப்பட்ட கப்பலன்று அது, சுமக்கவே பிறந்தது.

காலம் மாறியது. நீராவியும் இரயிலும் நல்ல வாடகைச் சரக்குகளை எடுத்துக்கொண்டன. வயதான பாய்மரக் கப்பல்களுக்கு எஞ்சியவை பிறர் விரும்பாத சரக்குகளும், பிறர் பயணம் செய்யத் தயங்கிய பருவங்களுமே. அவற்றுள் ஒன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான ஊசியிலை மரங்களை நவம்பர் இறுதியில் சிகாகோ நகருக்குக் கொண்டுவரும் வணிகம். ஹெர்மன் ஷூனமன் என்ற கப்பல் தலைவரும் அவருடைய தமையன் ஆகஸ்டும் இவ்வணிகத்தில் ஈடுபட்டனர். 1898ஆம் ஆண்டு நவம்பரில், மரங்களோடு வந்த 'எஸ். தால்' என்ற கப்பல் புயலில் மூழ்க, ஆகஸ்ட் உயிரிழந்தார். ஹெர்மன் தொழிலை விடவில்லை. சிகாகோவின் கிளார்க் தெருப் பாலத்தருகே கப்பலைக் கட்டி, மேல்தளத்திலிருந்தே மரங்களை விற்றார். இடைத்தரகர் இல்லாமையால் விலை குறைவு. ஏழைக் குடும்பங்களுக்கு அவர் இலவசமாகவே மரங்களை அளித்ததுண்டு என்பர். கப்பல் வருவதைக் கண்டால்தான் விழாக்காலம் தொடங்கியது என்று அந்நகர மக்கள் எண்ணினராம்.

அம்மனிதரின் கணக்கேடோ வேறொரு கதையைச் சொல்லும். 1907இல் கடன்களைத் தீர்க்க இயலாமல் அவர் நீதிமன்றத்தில் திவால் மனுச் செய்தார். ஆயினும் மீண்டும் எழுந்து, 1910இல் ரவுஸ் சிம்மன்ஸ் கப்பலில் ஒரு சிறு பங்கை வாங்கினார். அப்போது கப்பலுக்கு வயது 42.

1912ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள தாம்ஸன் துறையிலிருந்து அது புறப்பட்டது. கிடங்கு நிறையவும், மேல்தளத்தில் அடுக்கடுக்காகவும் மரங்கள். மரங்களின் எண்ணிக்கை 3,000 முதல் 5,000 வரை என்று பலவாறு கூறப்படுகிறது. மறுநாள் பிற்பகல், கெவானி என்னுமிடத்து மீட்புக் காவலர்கள் தொலைவில் ஒரு கப்பல் ஆபத்துக் கொடியோடு தத்தளிப்பதைக் கண்டனர். அவர்களிடம் எந்திரப் படகு இல்லை. தெற்கேயிருந்த டூ ரிவர்ஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தனர். அங்கிருந்து படகு விரைந்தது, கப்பலைக் காணவில்லை. கப்பல் தலைவரும் உடனிருந்தோரும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அதன்பின் பல ஆண்டுகள் மீனவர் வலைகளில் ஊசியிலை மரங்கள் சிக்கின. 1924இல் ஒரு வலையில், நீர்புகாத் துணியில் சுற்றிய கப்பல் தலைவரின் பணப்பை அகப்பட்டது. 1971இல் கென்ட் பெல்ரிச்சார்ட் என்ற நீர்மூழ்கு வீரர், டூ ரிவர்ஸுக்கு அப்பால் 160 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார். கிடங்கில் மரங்கள் இன்னும் அடுக்கியபடியே இருந்தன. 2007இல் அந்நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. ஷூனமனின் மனைவி பார்பராவும் மூன்று புதல்வியரும் மர வணிகத்தை நெடுங்காலம் தொடர்ந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூர்வோம்.

வீரரா, விவேகமற்றவரா?

கப்பல் ஏன் மூழ்கியது? புயலா, முதுமையா, மேல்தளத்து மரங்களின்மேல் உறைந்த பனியின் எடையா, அளவை மீறிய சுமையா? இவை எல்லாம் ஒன்றுகூடின என்பதே பலர் கருத்து. நாம் கேட்க விரும்புவது வேறு கேள்வி. இதில் பொறுப்பு யாருடையது?

இருவகை விடைகள் உடனே எழுகின்றன. ஒன்று, கப்பல் தலைவரை வீரராகப் போற்றுவது. குழந்தைகளின் மகிழ்ச்சிக்காகப் புயலில் உயிரைத் தந்தவர் என்று பாட்டும் நாடகமும் அவரைப் புகழ்கின்றன. மற்றொன்று, அவரைக் கடிந்துகொள்வது. முதிய கப்பல், தவறான பருவம், மிகுதியான சுமை. தமையனின் முடிவைக் கண்டும் பாடம் கற்கவில்லையே என்பது.

இவ்விரு விடைகளும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே அம்மனிதர் ஒருவரை மட்டுமே நோக்குகின்றன. அவரைப் பாராட்டியோ பழித்தோ முடித்துவிட்டால், கரையில் நின்று காத்திருந்த ஏனையோர் எவ்விதக் கேள்வியுமின்றி வீடு திரும்பிவிடலாம்.

அறநூல்கள் இதனினும் கூர்மையாகப் பார்க்கின்றன. விருப்பச் செயல் எது, விருப்பமற்ற செயல் எது என்று ஆராயும்போது அரிஸ்டாட்டில் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஒரு சரக்குக் கப்பலே. புயலில் சிக்கியவன் தன் சரக்கைத் தானே கடலில் எறிகிறான். அவன் அதை விரும்பிச் செய்தானா? யாரும் தம் பொருளை விரும்பி எறியார். ஆயினும் அந்நேரத்தில் உயிர்பிழைக்க அவனே தேர்ந்து செய்ததுதான். எனவே அது இரண்டும் கலந்த செயல். புனித தோமா அக்குவினாரும் இதே எடுத்துக்காட்டைக் கையாண்டு, இங்கே இப்போது என்று நோக்கினால் அது விருப்பச் செயலே என்றும், சூழ்நிலையை நீக்கி நோக்கினால் விருப்பத்துக்கு மாறானது என்றும் தெளிவுபடுத்துகிறார்.

இந்த ஆராய்ச்சியை நாம் ஒரு படி முன்னே கொண்டு செல்லலாம். புயலடிக்கும் கடலில் சரக்கை எறிவது மட்டுமா கலந்த செயல்? அமைதியான துறைமுகத்தில் அளவை மீறிச் சரக்கை ஏற்றுவதும் அத்தகையதே. கடன்காரர் ஒருபுறம், ஆண்டுக்கொரு முறை வரும் வணிகம் மறுபுறம், இப்பயணத்தில் ஈட்டாவிடில் அடுத்த ஆண்டு வரை குடும்பத்துக்கு வழியில்லை என்ற அச்சம் வேறு. வறுமை, கரையிலேயே வீசும் புயல். அப்புயலில் நிற்பவரை நோக்கி, நீயே விரும்பித்தானே ஏற்றினாய் என்று சொல்வது முழு உண்மையன்று. அவருக்குப் பொறுப்பே இல்லை என்பதும் உண்மையன்று. அவரோடு பயணம் செய்த மாலுமிகளின் உயிரும் அவர் கையில் இருந்ததே. தேவையில் உழல்பவரால் தம் சுமைக்கு எல்லை வகுப்பது அரிது. அவருக்காக அவ்வெல்லையை முன்கூட்டியே வகுக்க வேண்டிய கடமை, அவர் சுமப்பதால் பயன்பெறும் அனைவருக்கும் உண்டு.

திருமறையில் ஒரு சரக்குக் கப்பல்

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசித்திருப்போம். புனித பவுலைக் கைதியாக ஏற்றிச் சென்றது அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குக் கோதுமை கொண்டுசென்ற ஒரு சரக்குக் கப்பல். நோன்பு நாள் கடந்து, கடற்பயணத்துக்கு ஆகாத பருவம் வந்துவிட்டது. இனிப் போனால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமன்றி உயிர்களுக்கும் கேடு என்று பவுல் எச்சரித்தார். நூற்றுவர் தலைவர் அவருக்குச் செவிசாய்க்காமல், கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினார். கரையில் எடுத்த முடிவு அது.

கடலில் நிகழ்ந்தது நாமறிந்ததே. முதலில் சரக்கின் ஒரு பகுதியையும், மறுநாள் கப்பலின் கருவிகளையும், இறுதியில் எஞ்சிய கோதுமையையும் கடலில் எறிந்தனர். கப்பலும் உடைந்தது. ஆயினும் 276 பேரும் மால்த்தா தீவின் கரையை உயிரோடு அடைந்தனர். கரையில் இருந்தபோது சரக்கே பெரிதாகத் தோன்றியது. உயிர் பெரிது என்பதைப் புயல் கற்பித்தது. புயல் வந்து கற்பிக்கும்வரை காத்திராமல் கரையிலேயே அதை உணர்வதைத்தான் விவேகம் என்னும் நற்பண்பாக நம் மறை போற்றுகிறது. மனத்திடமும்கூட விவேகத்தின் வழிகாட்டலில்தான் நற்பண்பாகிறது. அதனை இழந்த துணிச்சலை அக்குவினார் குறையாகவே எண்ணுகிறார்.

ஒரு கோட்டின் வரலாறு

அறம் சொற்களில் மட்டும் தங்கிவிடக் கூடாது. அது சட்டமாகவும், சில வேளைகளில் சாயத்தால் தீட்டிய ஒரு கோடாகவும் இறங்கிவர வேண்டும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அளவை மீறிச் சுமையேற்றிய பழுதான கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்குவது வழக்கமாயிருந்தது. காப்பீடு செய்த உரிமையாளருக்கு நட்டமில்லை. சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இதனைக் கண்டு கொதித்து, 1873இல் ஒரு நூல் எழுதி மக்கள் மனச்சான்றைத் தட்டியெழுப்பினார். 1876இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு கப்பலின் பக்கத்திலும் சுமைக்கோடு தீட்டப்பட வேண்டும். அக்கோடு நீரில் மூழ்குமளவு சுமை ஏற்றலாகாது. ஆனால் கோட்டை எங்கே தீட்டுவது என்பதை உரிமையாளரே முடிவு செய்யலாம் என அச்சட்டம் விட்டுவிட்டது. ஆதாயம் பெறுபவரே எல்லையையும் வகுத்தால் எல்லைக்குப் பொருளேது? 1890களில்தான் கோட்டின் இடத்தையும் சட்டமே வரையறுத்தது.

அமெரிக்காவில் சுமைக்கோட்டுச் சட்டம் 1929இல் வந்தது. உள்நாட்டுப் பயணக் கப்பல்களுக்கு 1935இல் விரிவாக்கப்பட்டது. ரவுஸ் சிம்மன்ஸ் 1912இல் புறப்பட்டபோது அதன் பக்கத்தில் எக்கோடும் இல்லை. நிறுத்து என்று கப்பல் தலைவரிடம் சொல்ல அவருடைய கடன் சுமையைத் தவிர வேறு குரலுமில்லை. அக்குரலோ புறப்படு என்றே சொன்னது.

நம் சாலைகளின் கோடு

நம் நாட்டில் அக்கோடு உண்டு. ஒவ்வொரு லாரிக்கும் மொத்த எடை இவ்வளவு என்று பதிவுச் சான்றிலேயே எழுதப்பட்டுள்ளது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதனை மீறுவதைக் குற்றமாக்குகிறது. ஓட்டியவர் மட்டுமன்றி, அவ்வாறு ஓட்டச் செய்தவரும், ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளிகளே என்பது அச்சட்டத்தின் கூற்று. ஓட்டுநர் வேறு, உரிமையாளர் வேறு என்றிருப்பின், உரிமையாளர் அறிந்தே நடந்தது என நீதிமன்றம் கருதலாம் என்றும் அது கூறுகிறது. கூடுதல் பாரத்தை இறக்காமல் அபராதத்தை மட்டும் பெற்றுக்கொண்டு வண்டியைப் போகவிடலாகாது என்று 2005இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை 20,000 ரூபாயாகவும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயாகவும் உயர்த்தியது. பணம் செலுத்திப் பாவத்தைத் தொடரும் உரிமையை எவரும் வாங்க முடியாது என்ற அறக்கருத்து இத்தீர்ப்பில் அடங்கியிருப்பதை நாம் காண்கிறோம்.

இவ்வளவு இருந்தும் என்ன நிகழ்கிறது? தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் வழியில் தொப்பூர் கணவாயின் இறக்கத்தை அறியாதார் நம்மிடையே இலர். பாரம் மிகுந்த வண்டி இறக்கத்தில் வரும்போது அதன் வேகத்தைத் தாங்கும் பணி முழுவதும் பிரேக்கின்மீது விழுகிறது. பிரேக் சூடேறிச் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிப்பை இழக்கிறது. பின்னர் ஓட்டுநரின் திறமையோ வேண்டுதலோ வண்டியை நிறுத்துவதில்லை. மறுநாள் நாளிதழில் விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ஒரு வரி வரும். சரக்கை ஏற்றியவர் பெயரும், விரைவில் வரவேண்டும் என்று கெடு விதித்தவர் பெயரும் அவ்வரியில் இரா.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில் 'மறைமுக முதலாளி' என்றொரு கருத்தை முன்வைத்தார். தொழிலாளரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்பவர் மட்டுமே முதலாளி அல்லர்; அவ்வொப்பந்தத்தின் நிபந்தனைகளை வெளியிலிருந்து உருவாக்கும் மனிதரும் நிறுவனங்களும் அரசும்கூடப் பொறுப்புடையோரே என்பது அதன் சாரம். இவ்வொளியில் நோக்கினால், வீடு கட்ட மணலும் கல்லும் வரவழைக்கும் நாமும், குறைந்த வாடகைக்கு யார் வருவார் என்று பேரம் பேசும் நம் கடைக்காரரும், பங்கில் மண்டபம் எழுப்பும் நம் குழுவினரும் அந்த ஓட்டுநருக்கு மறைமுக முதலாளிகளே.

ஒரு மறுப்பு

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு எழும். பாரத்தைக் குறைத்தால் பயணங்கள் கூடும்; வாடகை ஏறும்; விலைவாசி உயரும்; அதனால் துன்புறுவோரும் ஏழைகள்தாமே? மேலும், நம் பகுதியில் ஓட்டுநராகத் தொடங்கிக் கடன் வாங்கி ஒரு வண்டிக்கு உரிமையாளரானோர் பலர். எல்லையைக் காப்பேன் என்று அவர் உறுதிபூண்டால், காக்காத அடுத்தவருக்கு அந்த லோடு போய்விடும். தவணை கட்டுவது யார்?

இம்மறுப்பை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் சிந்தித்துப் பார்த்தால், இம்மறுப்பே கோட்டின் தேவையை மெய்ப்பிக்கிறது. தனியொருவர் நேர்மையாக இருந்தால் அவர் இழப்புக்கு ஆளாகிறார் எனில், அந்நேர்மையை அவர் ஒருவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது அநீதி. எல்லாருக்கும் ஒன்றேபோல் செயற்படும் எல்லை இருந்தால்தான் நேர்மையாளர் தொழிலில் நிலைக்க முடியும். கோடு தொழிலாளரை மட்டுமன்று, நல்ல உரிமையாளரையும் காக்கிறது. விலையைப் பற்றியும் ஒரு சொல். சுமப்பவரின் உயிரைப் பணயம் வைத்துக் குறைக்கப்பட்ட விலை உண்மையில் குறைந்த விலையன்று. அதில் ஒரு பகுதியை வேறொரு குடும்பம் நமக்காகச் செலுத்திவிட்டது என்பதே பொருள். சிகாகோ மக்களுக்கு மலிவாகக் கிடைத்த மரங்களின் எஞ்சிய விலையைப் பார்பராவும் புதல்வியரும் செலுத்தினர். அம்மக்கள் தீயவர் அல்லர். அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவே.

நாம் கேட்கலாம். கட்டடப் பொருள் வரவழைக்கும்போது எடைமேடைச் சீட்டைக் கேட்கலாம். சட்டப்படியான பாரத்துக்கு உரிய வாடகையை முணுமுணுப்பின்றித் தரலாம். ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் உறங்க நேரமிருக்குமாறு கெடுவை வகுக்கலாம். நம்முள் உரிமையாளராக இருப்போர், அதிக பாரத்தை மறுத்து வந்த ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாமல் அவர் பக்கம் நிற்கலாம். நம் பங்குகளில் கட்டடப் பணி நிகழும்போது, சுமையேறி வரும் வண்டிகளின் எடையும் அறக்கேள்வியே என்று எடுத்துரைக்கலாம். இவை சிறியவை. ஆனால் தேவையில் இருப்பவர் தமக்கு வரைந்துகொள்ள இயலாத கோட்டை அவருக்காக வரைபவை இச்சிறு செயல்களே.

2000ஆம் ஆண்டு முதல், டிசம்பர் தொடக்கத்தில், அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கப்பலொன்று ரவுஸ் சிம்மன்ஸின் நினைவாகச் சிகாகோவின் ஏழைக் குடும்பங்களுக்குக் கிறிஸ்து பிறப்பு மரங்களைக் கொண்டுவருகிறது. அது உறுதியான எஃகுக் கப்பல். பயிற்சி பெற்ற மாலுமிகள் அதனைச் செலுத்துகின்றனர். மரங்கள் அதே மரங்கள். மகிழ்ச்சியும் அதே மகிழ்ச்சி. அம்மகிழ்ச்சிக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய கட்டாயம் என்றுமே இருந்ததில்லை என்பதை இப்போது அறிகிறோம். நம் இல்லங்களுக்கு வந்து சேரும் பொருள்களைப் பற்றியும் இவ்வாறே சொல்லக்கூடிய நாள் வரவேண்டும். அதற்கு நாம் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது எது என்பதைச் சிந்திப்போம்.